காந்த ஸ்கான் எடுக்கப் போகிறவர்களுக்கு

தலையிடி என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு பனடோலைப் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்குவார்கள். பெரும்பாலும் அது போதும்தான். ஆனால் சில பேருக்கு மூளையிலுள்ள இரத்தக் குழாய் பலமில்லாத இடத்தில் சைக்கிள் டியூப் போலப் புடைத்திருக்கும். டாக்டர்மார் இதை அனியூரிசம் என்பார்கள். பலருக்கு அது கடைசிவரை சும்மா கிடக்கும். வெடித்தால்தான் உயிருக்கு ஆபத்து. பிரஷர் உள்ளவர்களும் பீடி, சிகரட் பிடிக்கிறவர்களும் கவனம்.

வெடிக்க முன்னர் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் உதவுகிறது. காந்தமும் ரேடியோ அலையும்தான் இதில் வேலை செய்கின்றன. அசையாத சதை திரும்பத் திரும்ப அலை பட்டு மங்கிவிடும்; புதிதாக ஓடிவரும் இரத்தம் வெள்ளையாகத் தெரியும். புடைப்புக்குள் இரத்தம் சுழன்று மெதுவாகப் போவதால் அதுவும் கொஞ்சம் மங்கும். அதனால் புடைப்பு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியலாம்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. மெல்லிய துண்டுப் படங்களை அடுக்கி, தூசி போன்ற புள்ளிகளைக் குறைத்து, வெள்ளையாக உள்ளதைப் பொறுக்கி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய உருவமாக்கித் தரும். சுளகில் புடைக்கிற மாதிரித்தான். அளவுக்கு மிஞ்சிப் புடைத்தால் உமியோடு நொய்யும் போய்விடும் அல்லவா? அப்படித்தான் இரண்டு மூன்று மில்லிமீற்றர் புடைப்பும் அழிந்துபோகலாம். ஆகையால் டாக்டர் அந்த அழகான உருவத்தோடு நிற்காமல் மூலத் துண்டுப் படங்களையும் பார்ப்பார்.

கிடக்கிறவர் தலையை ஆட்டினால் கம்ப்யூட்டராலும் முழுதாகச் சரிக்கட்ட ஏலாது. பெரிய சத்தம் கேட்கும், பயப்பட ஒன்றுமில்லை, அசையாமல் கிடவுங்கள்.

இன்னொன்று, எங்கள் வன்னிக்கு முக்கியமானது. 2009இல் முடிந்த யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு, சன்னம் இன்னும் உடம்பில் உள்ளவர்கள் இருக்கிறார்கள். இரும்புத் துண்டு காந்தத்தில் இழுபடலாம், சூடாகலாம். கண்ணில் இருந்தால் பார்வையே போகலாம். தலையில் இருந்தால் அந்த இடத்துப் படம் கறுத்து உருக்குலையும். யாரும் விசாரிப்பார்களோ என்று மறைக்க வேண்டாம். ஸ்கான் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். தேவையென்றால் சி.டி. ஸ்கானுக்கு மாற்றுவார்கள்.

திடீரென்று இடி விழுந்தாற்போல், முன்பு ஒருநாளும் வராத தலையிடி சத்தியோடு வந்தால் ஸ்கான் தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் முதலில் சி.டி. எடுப்பார்கள், இரத்தம் கசிந்திருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.