யெப்தாவின் மகளும் மட்டக்களப்புக் கூத்தும்

நடனம் என்றதும் பேழைக்கு முன்பாக ஆடிய தாவீதையே நாம் நினைக்கிறோம். எல்லைத் தகராறு மூண்ட நிலத்தில் நிகழ்ந்த வேறொரு நடனமும் திருமறையில் உண்டு. அர்னோன் முதல் யாபோக்கு வரையுள்ள நிலத்துக்கு அம்மோன் ராஜா உரிமை கோரினான் (நியா. 11:13). போரில் வென்று திரும்பிய யெப்தாவை அவன் மகள் தம்புருவோடு ஆடி எதிர்கொண்டாள். தகப்பன் செய்த பொருத்தனைக்கு அவளே இலக்கானாள். அந்த வெற்றி நடனம் அன்றே ஓய்ந்தது. ஆண்டுதோறும் நான்கு நாள் அவளை நினைந்து கூடிய பெண்களின் வழக்கமோ நிலைத்தது (11:40). ஆடலும் இவ்வாறு இழப்பைச் சுமக்கக் கூடுமா?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பில் வழங்கும் கூத்து இக்கேள்விக்கு விடை தருகிறது. வடமோடி, தென்மோடி என அது இருவகைப்படும். அண்ணாவியார் சட்டங் கொடுப்பது முதல் அரங்கேற்றம் வரை, மாதக்கணக்கில் ஊரார் கூடிப் பழகுவர். வட்டக் களரியைச் சூழ மக்கள் அமர்ந்திருக்க, ஆட்டம் இரவெல்லாம் நிகழும். ஆகவே கூத்துக்கு வேண்டுவன இரவு, திறந்த வெளி, அச்சமின்றிக் கூடும் அயலார் என்னும் மூன்றுமாம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், ஊரடங்கும் இடப்பெயர்வும் இம்மூன்றையுமே தாக்கின. களரி கூடுவதே அங்கு சமாதானத்தின் அடையாளமாயிற்று.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து, சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டனர். பெண்களையும் சாதியையும் பற்றிப் பழைய கூத்துகள் கூறுவனவற்றை ஊராரே விவாதித்தனர். வெளிப்பகைவனைச் சாடுவது எளிது. தம் மரபுக்குள் இருக்கும் வன்முறையை ஆராய்வது அரிது. இறையியல் மொழியில் இதனை மனந்திரும்புதல் என்போம். வடக்கிலும் 1965இல் அருட்தந்தை நீ. மரிய சேவியர் நிறுவிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் கலைப்பணியைக் கைவிடவில்லை.

இப்பாடம் நமக்கும் உரியது. படப்பை, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தார் வருகின்றனர். 2023இல் வன்முறை மூண்ட மணிப்பூர் போன்ற நிலங்களிலிருந்து வந்தோரும் நம் ஆராதனையில் அமரக்கூடும். கிறிஸ்து பிறப்பு விழாவில் அவர்தம் நடனத்தை வேடிக்கையாக மேடையேற்றி, கைதட்டி அனுப்பிவிடுதல் தகுமோ? எதனை இழந்து வந்தனர் என்று முதலில் கேட்போம். அவர்கள் ஆட விரும்பினால், சூழ அமரும் களரியாகச் சபை இருக்கட்டும். ஆட விரும்பாது அழுதால், அவர்களோடு அமர்ந்திருப்பதும் திருப்பணியே.