வீட்டுத் தொழிலும் விற்பனை வழியும்

சென்னைக் கிண்டியில் 1958-ஆம் ஆண்டில் ஒரு தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. அங்கே அமைந்த சிறு தொழிற்கூடங்களுட் பல, ஒரு பொறியை முழுமையாகச் செய்ய முற்படவில்லை. அதற்கு வேண்டிய ஓர் உறுப்பை மட்டும் செம்மையாகச் செய்து பெரிய ஆலைகளுக்கு அளித்தன. இன்னது செய்வோம், இன்னாருக்கு விற்போம் என்னும் தெளிவே சிறு முதலுக்குக் காப்பு. அடுக்களையில் நடைபெறும் வீட்டுத் தொழிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கிண்டியில் ஓர் அம்மையார் பருப்புப் பொடி செய்து விற்கத் தொடங்குகிறார் என வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் விற்கலாம் என்று கருதிக் கடைகளுக்குச் சென்றால், பெரிய நிறுவனங்களின் பொடிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. விலையிலும் விளம்பரத்திலும் அவற்றோடு போட்டியிட அவரால் இயலாது. ஆயின், அருகிலேயே பொறியியற் கல்லூரி மாணவர் விடுதிகள் உள்ளன. அங்கே வாழ்வோர்க்கு அடுக்களை இல்லை. கால் கிலோப் பொடி வாங்கினால் வாசனை போய்விடும். ஒரு வேளைக்குப் போதுமான சிறு பொட்டலமே அவர்கள் தேவை. இத்தேவையைக் கண்டறிந்தவருக்குப் போட்டி குறைகிறது. விடுமுறையில் விடுதி வெறிச்சோடும் என்பதையும் அவர் மறத்தல் ஆகாது. அக்காலத்துக்கெனத் தொழிற்பேட்டை ஊழியரையும் நாடி வைத்தல் அறிவுடைமை.

இது வெறுங்கற்பனை அன்று. கடலூரில் 1983-ஆம் ஆண்டில் சி. கே. ரங்கநாதன் என்னும் இளைஞர் 15,000 ரூபாய் முதலுடன் ஷாம்பு செய்யும் தொழிலைத் தொடங்கினார். புட்டி ஷாம்பு வாங்க வசதியற்ற மக்களையே அவர் நாடினார். ‘சிக்’ என்னும் பெயரில் சிறு உறைகளில் அடைத்து விற்றார். சிற்றூர்களில் அதனைப் பயன்படுத்தும் முறையை நேரில் செய்து காட்டச் செய்தார். வெற்றுறைகளைத் திருப்பித் தந்தவர்க்குப் புதிய உறை வழங்கினார். பிறர் பொருட்படுத்தாத வாடிக்கையாளரே அவர் தொழிலை வளர்த்தனர்.

இனி, கணக்கைப் பார்ப்போம். பத்துப் பொட்டலங்கள் கொண்ட ஒரு கட்டுக்குப் பொருட்செலவு 60 ரூபாய், விற்பனை விலை 80 ரூபாய் எனின், பத்துக் கட்டு விற்றால் 200 ரூபாய் இலாபம் போலத் தோன்றும். அதற்கு அவர் ஐந்து மணி நேரம் உழைத்திருந்தால் மணிக்குக் கிடைப்பது 40 ரூபாயே. எரிவாயுச் செலவும் பேருந்துக் கட்டணமும் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறைவு. அவ்வாறாயின் இலாபம் என்று நாம் எண்ணியது ஒரு தாயின் ஊதியமற்ற உழைப்பேயாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் நம் முன்னோர். தம் உழைப்பையும் விலையில் சேர்த்தல் பேராசை அன்று; நேர்மையே. வாங்குவோரின் தேவையை அறிந்து செய்த பொருளுக்கு அந்நியாய விலையைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணற்க; நியாய விலையைக் கேட்கவே அஞ்ச வேண்டியதில்லை.

உணவுப் பொருளாயின் அரசிடம் முறைப்படி பதிவு செய்துகொள்ளுதலும், செய்த நாளைப் பொட்டலத்தில் குறித்தலும் இன்றியமையாதன. சிறிய வட்டத்தில் நல்ல பெயர் விரைவில் பரவும். கெட்ட பெயர் அதனினும் விரைவில் பரவும்.

உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ இத்தகைய தொழில் நடைபெறுமாயின், ஓர் ஏட்டை எடுத்து அமருங்கள். யார் வாங்கினர், ஏன் வாங்கினர், மீண்டும் வந்தனரா என்று எழுதுங்கள். நீங்கள் கற்ற கணக்கு அங்கே ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்கும்.