500 ரூபாயைக் கட்டுவதற்கு முன்

டீ ஆறட்டும் தம்பி, முதலில் அந்த எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டுங்கள். சலான் நிஜமா போலியா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம். ஆர்.டி.ஓ. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இன்ஸ்டால் செய்தவர்களுக்கு நஷ்டம் 500-ஓடு நிற்பதில்லை. வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். உண்மையான சலான் எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. வந்த லிங்கைத் தொடாதீர்கள். பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

உங்களுடையது நிஜம்தான். மயிலாப்பூர், சனிக்கிழமை மாலை, நோ பார்க்கிங், 500 ரூபாய். போர்டே இல்லாத இடத்தில் நிறுத்தினேன் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும் விரல் ‘பே நவ்’ பக்கம்தான் போகிறது. 500 ரூபாய்க்காக யார் அலைவது, கட்டித் தொலைத்தால் தலைவலி விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

தலைவலி அதோடு விடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபோது, முதல் தடவை தவறுக்கு 500, அடுத்த தடவையிலிருந்து 1,500 என்று ஆனது. தமிழ்நாட்டில் இந்தப் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இதோடு 200-ஆவது பிரிவில் இன்னொரு வரியையும் சேர்த்தார்கள். அபராதத்தைக் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டாலும், மறுமுறை பிடிபடும்போது, கட்டி முடித்த அந்தத் தவறு முந்தைய குற்றமாகவே எண்ணப்படும் என்பது அதன் சாரம். ஆக, செய்யாத தப்புக்கு இன்று நீங்கள் கட்டும் 500, நாளைக்கு நிஜமாகவே தப்பாக நிறுத்தினால் 1,500-க்கு வழி போட்டு வைக்கிறது. பணத்தைவிட, கணக்கில் ஏறும் அந்தப் பதிவுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்காகக் கட்டாமல் கிடப்பில் போடவும் கூடாது. ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி.க்கோ போய் நிற்கும் நாளில் பழைய சலான் மென்னியைப் பிடிக்கும். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். அதிலிருந்து இங்கேயும் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பதுபோலச் சிலர் சலான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டீஸில் ஒரு தேதி இருந்தால் அதைத் தாண்ட விடாதீர்கள். ஒன்று கட்டுங்கள், இல்லை மறுத்துச் சொல்லுங்கள்.

மறுப்பதற்கு முன்னால், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இது உண்மையிலேயே அநியாயமா, இல்லை, மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சலா? “எல்லாரும்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள்” என்பது வாதமாகாது. “அஞ்சு நிமிஷம்தான் சார், மருந்து வாங்கப் போனேன்” என்பதும் ஆகாது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் போனேன் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத சமாதானம். 122-ஆவது பிரிவு போர்டைப் பற்றியே பேசுவதில்லை. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுவிட்டுப் போவதே அதன்படி குற்றம். நடைபாதை, பஸ் நிறுத்தம், பாதசாரிகள் கடக்கும் கோடு, அடுத்தவர் வீட்டு கேட் வாசல் ஆகிய இடங்களில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. உங்கள் வண்டி நடைபாதையில் ஏறி நின்றிருந்தால், டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் கட்டிவிடுங்கள்.

கேட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் பாதி வீட்டு வாசலில் ‘நோ பார்க்கிங், டயர் காற்று பிடுங்கப்படும்’ என்று ஒரு தகரம் தொங்குகிறது. சில இடங்களில் பூந்தொட்டி, சில இடங்களில் சிமென்ட் வாளியில் நட்ட கம்பி. தெரு அவர்களுடையதல்ல. 116-ஆவது பிரிவின்படி, மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ சாலைக் குறியீடுகளை வைக்கலாம். வீட்டுக்காரர்கள் தாங்களாக வைக்க முடியாது. நிறுத்துமிடம் எது என்று தீர்மானிப்பதும், 117-இன்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அரசு செய்ய வேண்டிய வேலை. ஆகவே மதில் சுவர் நெடுக மாட்டிய தனியார் போர்டுக்கு மதிப்பில்லை. அதே சமயம், வண்டி போய்வரும் கேட்டை நீங்கள் மறித்திருந்தால், அந்தத் தகரம் செல்லாவிட்டாலும் உங்கள் சலான் செல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது சலானைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். முதலில் எண். பிக்கும் எட்டுக்கும், டிக்கும் ஓவுக்கும் கேமராவும் குழம்புகிறது, தட்டச்சு செய்கிறவரும் குழம்புகிறார். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? நிறம், மாடல், பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வரைக்கும் பாருங்கள். உங்களுடையது சாம்பல் நிற ஆக்டிவா, படத்தில் கறுப்பு பல்சர் என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. எண் சரியாக இருந்து வண்டி வேறாக இருந்தால், யாரோ உங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று அர்த்தம். அது 500 ரூபாய் விவகாரமே அல்ல. அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். நாளைக்கு அந்த வண்டி விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்களைத்தான்.

அடுத்தது இடமும் நேரமும். வண்டி காராக இருந்து, அந்த நேரத்தில் அது வேறெங்கோ டோல்கேட் தாண்டிக்கொண்டிருந்தது என்றால் ஃபாஸ்டேக் பதிவைவிட நல்ல சாட்சி கிடையாது. மாநகராட்சியின் கட்டண நிறுத்துமிடத்தில் பணம் கட்டி நிறுத்தியிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள். காசு வாங்கிக்கொண்டு நிறுத்த விட்ட இடத்தை அதே நேரத்தில் நோ பார்க்கிங் என்று சொல்ல முடியாது. ரசீது கொடுக்காமல் டோக்கன் மாதிரி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். அந்தச் சீட்டு எங்கேயும் உதவாது.

பிறகு, எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது, படம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா வழியாகப் போடும் சலானுக்கு 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி சில நிபந்தனைகளை வைத்தது. தவறும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறியதாகச் சொல்லும் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்றும் சொன்னது. தவறான இடத்தில் நிறுத்துவதும் அந்த விதியின் பட்டியலில் உண்டு. நம்பர் பிளேட்டை மட்டும் க்ளோஸ்-அப்பில் எடுத்து, சாலை, போர்டு, நடைபாதை எதுவுமே தெரியாத ஒரு படத்தை வைத்து ‘தவறான இடம்’ என்று சொன்னால், எது அந்த இடம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் கேஸின் உயிர் போர்டில் இருக்கிறது. அதனால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். நாளை யாராவது புதுசாக ஒன்று நட்டுவிடலாம். நோ பார்க்கிங் குறி நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒற்றைச் சிவப்புக் கோடு. கோடு இரண்டாகப் பெருக்கல் குறி போல இருந்தால் அங்கே நிற்கவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட. வட்டத்துக்குக் கீழே சின்னத் தகடு ஒன்று இருக்கிறதா பாருங்கள். எந்த நேரம், எந்தப் பக்கம் என்று அம்புக்குறியோடு அதில்தான் இருக்கும். தடை இடதுபக்கம்தான் என்று அம்பு காட்ட, வலதுபக்கம் நின்ற வண்டிக்குச் சலான் வந்திருந்தால் அந்தத் தகட்டின் படமே போதும்.

போர்டு இருந்தும் தெரியாமல் போவது நம் ஊர் விசேஷம். புங்கமரக் கிளை மறைத்திருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். கட்சி பேனர் கட்டுவதற்குக் கம்பம் தோதாக இருந்திருக்கும். வண்டி நின்ற இடத்திலிருந்து, உட்கார்ந்தால் கண் போகும் உயரத்தில் ஒரு படம் எடுங்கள். கொஞ்சம் பின்னால் போய், பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகை தெரியும்படி இன்னொன்று. தெருவின் இரண்டு முனையிலிருந்தும் நடந்தபடி ஒரு வீடியோ. கடைக்காரரிடம் சிசிடிவி இருந்தால் இப்போதே கேளுங்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அப்புறம் அவரே நினைத்தாலும் கொடுக்க முடியாது.

மெட்ரோ வேலை, தேர்த் திருவிழா, வி.ஐ.பி. வருகை என்று தற்காலிகத் தடை போடுவதும் உண்டு. போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் 115-ஆவது பிரிவு, ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம் என்கிறது. ஆனால் அந்த வட்டாரத்தில் தெரியப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. காலையில் நீங்கள் நிறுத்தும்போது இல்லாத பேரிகேடு மத்தியானம் முளைத்திருந்தால், எப்போது, எப்படித் தெரியப்படுத்தினீர்கள் என்று கேளுங்கள்.

போலீஸிடம் நேருக்கு நேர் மாட்டினால் தெருவில் வாக்குவாதம் வேண்டாம். சொன்னதைக் கேட்கவில்லை என்று 179-ஆவது பிரிவைச் சேர்த்தால் அது தனியாக 2,000 வரைக்கும் போகும். டோ பண்ணித் தூக்கிப் போயிருந்தால், 127-ஆவது பிரிவின்படி சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அதற்கு உத்தரவிட்டிருக்க வேண்டும். இழுத்த கூலி உங்கள் தலையில்தான், அதற்கும் ரசீது கேளுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கீறல் இல்லாமல் அந்த லாரியிலிருந்து இறங்கும் ஸ்கூட்டர் குறைவு.

சான்றுகள் கைக்கு வந்ததும் முதல் கதவு பரிவாஹன் தளத்திலேயே இருக்கும் புகார்ப் பகுதி. கதை எழுதாதீர்கள். சலான் எண், வண்டி எண், எந்த விவரம் தப்பு, இணைத்திருக்கும் படம் எதைக் காட்டுகிறது என்று நாலே வரி போதும். “காவல்துறை மக்களை வதைக்கிறது” என்று தொடங்கும் மனுவை யாரும் இரண்டாவது வரி வரைக்கும் படிப்பதில்லை. எண் தவறு, வண்டி மாறாட்டம் போன்றவை பெரும்பாலும் இங்கேயே தீர வேண்டியவை.

‘போர்டு இல்லை’ என்ற உங்கள் மாதிரி கேஸுக்குத் தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனு ஒன்றையும் போட்டு வையுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது இரண்டு: இந்தத் தெருவின் இந்தப் பகுதியை நோ பார்க்கிங் என்று அறிவித்த உத்தரவின் நகல், அங்கே போர்டு வைத்த தேதி. ஏன் எனக்கு அபராதம் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிக் கழிக்க வசதியாகிவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. பழைய பைக்கை விற்றீர்களே, ஆர்.சி. மாற்றினீர்களா? மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. பதிவில் பெயர் யாருடையதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது விபத்து இழப்பீட்டு வழக்கு, ஆனால் சலானும் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். வாங்கினவர் மாட வீதியில் நிறுத்தினாலும் எஸ்.எம்.எஸ். உங்களுக்குத்தான்.

புகார் எடுபடாமல் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அந்தத் தளத்தில் இரண்டு வழி காட்டும்: அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். இரண்டாவதைத் தொட்டால் வழக்கு அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். தொடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஒரு நாள் லீவு நிச்சயம் போகும்; வாய்தா விழுந்தால் இன்னொரு நாள். கையில் தெளிவான படமோ, ரசீதோ, ஆர்.டி.ஐ. பதிலோ இருந்தால் நான் போவேன். ‘நான் சொல்கிறேன் போர்டு இல்லை’ என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், இந்த 500 ரூபாய்க்கு நான் எழும்பூருக்கும் சைதாப்பேட்டைக்கும் அலைய மாட்டேன்.

போனால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். கூட்டத்தில், அவசரத்தில், தலையை ஆட்டிவிட்டால் அபராதத்தோடு முடித்துவிடுவார்கள். “இல்லை ஐயா, மறுக்கிறேன்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஆர்.சி., லைசென்ஸ் ஒரிஜினலோடு படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி, இரண்டு செட் எடுத்துப் போங்கள். போனை நீட்டி ஸ்க்ரோல் பண்ணிக் காட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை. உங்களுக்குச் சாதகமாக முடிந்தால் உத்தரவின் நகலை வாங்காமல் வராதீர்கள். கோர்ட்டில் முடிந்த வழக்கு தளத்தில் ‘பெண்டிங்’ என்றே நின்றுகொண்டிருக்கலாம். சில நாள் கழித்துப் பாருங்கள், மாறவில்லை என்றால் அந்த நகலையும் சேர்த்து அதே புகார்ப் பகுதியில் போடுங்கள்.