பாட்டியாரின் குரலும் நூறு மெகாபைட்டும்

கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடிவுறும் காரோட்டில், நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற திங்கள் சென்றிருந்தோம். 1956 நவம்பர் முதல் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது கேரளத்தின் பக்கமே நின்றுவிட்ட பகுதி அது. பள்ளியிலே மலையாளமும் வீட்டிலே தமிழுமாக வளரும் பிள்ளைகள் அங்கே உளர். அன்பரின் மகன், கல்லூரி மாணவன், தன் தங்கைக்குத் தமிழெழுத்துக் கற்பிக்கும் கணினி விளையாட்டொன்றை ஆக்கியிருந்தான். அதில் ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்துக் காட்டுபவர், சென்ற ஆண்டு மறைந்த அவனுடைய பாட்டியார்.

விளையாட்டை வலைத்தளத்தில் ஏற்ற முற்பட்டபோது தடை நேர்ந்தது. அத்தளத்தின் வரம்பு 100 மெகாபைட்; கோப்போ 168. “பாட்டியின் குரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், மாமா” என்றான் தயக்கத்தோடு. அவன் தாயார் ஒன்றும் கூறாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

எதை நீக்குவது என்று துணியுமுன், எது எவ்வளவு கனக்கிறது என்று நோக்க வேண்டாமா? நோக்கினோம். அவன் இரவு பகலாய் எழுதிய நிரல் 3 மெகாபைட்டே. படங்கள் 70, எழுத்துரு 10, குரல் 85. இசைத்தட்டுத் தரத்தில் ஒலியைப் பதிந்தால் ஒரு நொடிக்கு 44,100 அளவீடுகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், இடம் வலம் என இரண்டு தடங்கள். நிமிடத்திற்குப் பத்து மெகாபைட்டுக்கு மேலாகும். பாட்டியார் பேசியது எட்டு நிமிடம். பேசிய வாய் ஒன்றாயிருக்கத் தடம் இரண்டு எதற்கு? ஒன்றாக்கி, ‘ஓப்பஸ்’ முறையில் நொடிக்கு 32 கிலோபிட் அளவிற் சுருக்கினான். 85 என்பது இரண்டுக்கும் குறைந்தது! தாயாரை அழைத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தோம். அவருக்கு வேறுபாடு புலப்படவில்லை. ஆயினும் இவ்வாறு சுருக்குங்கால் கழிந்த ஒலி மீண்டு வராது. ஆதலின் மூலப்பதிவை இரண்டு இடங்களிற் சேமித்து வைக்குமாறு வற்புறுத்தினோம்.

வரம்புக்குள் வந்துவிட்டதே, நிறுத்தலாமே எனில், வளைகுடாவில் வாழும் சிற்றப்பாவின் பிள்ளைகளும் கைப்பேசியிலன்றோ இதனை இறக்கிக்கொள்ள வேண்டும்? பக்கத்திற்கு 4,096 புள்ளி கொண்ட படங்களை 1,024 ஆக்கினான். பக்கம் நாலில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கைப்பேசித் திரையில் அக்குறை தோன்றாது. 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஏறத்தாழ 40 கிலோபைட்டில் அடங்கிற்று. அதில் மேகமும் புதரும் ஒரே உருவம், நிறமே வேறு. சிக்கனமும் ஒரு கலையே போலும்!

எழுத்துருவில்தான் இடறினோம். பன்மொழி எழுத்துக்களைச் சுமந்திருந்த அதிலிருந்து தமிழ்க் குறியீடுகளை மட்டும் பிரித்தெடுத்தபோது, ‘டு’ என்பது டகரமும் உகரக் குறியுமாகப் பிரிந்து நின்றது. ‘டு’, ‘கு’ போன்ற கூட்டு வடிவங்களுக்குத் தனிக் குறியீட்டெண் இல்லை. எழுத்துருவினுள் உள்ள இணைப்பு விதிகளே அவற்றை ஆக்குகின்றன. அவ்விதிகளும் வடிவங்களும் உடன்வருமாறு மீண்டும் பிரித்த பின்னரே தமிழ் தமிழாயிற்று. தமிழில் விளையாட்டு ஆக்கும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

முடிவில் கோப்பு 15 மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. ஏற்றம் முடிந்ததும் சிறுமி தந்தையின் கைப்பேசியில் அதனைத் திறந்து, ழகரத்தை மும்முறை அழுத்தினாள். பாட்டியார் மும்முறையும் சொன்னார்.