இரண்டு 22 சேர்ந்தால் ஒரு 19

கோவையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோனோபிளாக் மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை லைட்டர் தீயில் காட்டினார் மெக்கானிக். எனாமல் கருகியதும் துணியால் துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்தார். 1.02 மி.மீ.

"19 கேஜுங்க. கைவசம் இல்லை. 22-ஐ டபுளாப் போட்டுக்கலாம்."

எனக்கு இடித்தது. 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.711 மி.மீ. இரண்டைக் கூட்டினால் 1.42 ஆகிறதே? ஆனால் மின்சாரம் போகும் வழி, கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பு. விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.785-ஆல் இன்னொரு முறை பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 22-க்கு 0.397 சதுர மி.மீ.; இரண்டுக்கு 0.794. 19 கேஜுக்கு 0.811. வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். மனிதர் பேப்பரையே தொடவில்லை!

விட்டம் சரிபாதியாக உள்ள 25 கேஜ் என்றால் இரண்டு போதாது, நான்கு இழை வேண்டும்.

எண் ஏற ஏறக் கம்பி மெலிவது பலரைக் குழப்பும். கம்பியை அச்சுத் துளைகளில் அடுத்தடுத்து இழுத்து மெல்லியதாக்கிய காலத்து எண்ணிக்கை இது. அதிக இழுப்பு, அதிக எண். நம் கடைகளில் புழங்குவது பிரிட்டன் 1884-இல் சட்டமாக்கிய எஸ்.டபிள்யூ.ஜி. அமெரிக்காவின் ஏ.டபிள்யூ.ஜி. வேறு. அதில் மூன்று எண் ஏறினால் பரப்பு ஏறத்தாழ பாதியாகும். எஸ்.டபிள்யூ.ஜி.யில் அப்படி ஒரே சீரான விகிதம் கிடையாது, அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைத்த அமெரிக்க அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே கம்பி வாங்காதீர்கள்.

வீட்டு வயரிங்கில் பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் "3/20" என்பார்கள். 20 கேஜ் இழை மூன்று என்று பொருள். பரப்பு சுமார் 2 சதுர மி.மீ. இப்போதைய வயர்கள் 1.5, அடுத்து 2.5 என்றுதான் வருகின்றன. பழைய 3/20-ஐ மாற்றும்போது கடைக்காரர் 1.5-ஐ நீட்டினால் வாங்காதீர்கள்.

"நாலு 25 போட்டா கணக்கு அச்சுப் பிசகாம வருதே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"வருங்க. நாலுக்கும் எனாமல் இருக்குதுங்களே, ஸ்லாட்ல எடம் பத்தாது" என்றபடி 22 கேஜ் சுருள்கள் இரண்டை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினார்.