குடும்பக் காரின் எஞ்சினில் ஒரு பந்தயக் கார்

கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் சென்றுவரும் சிறிய காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் கட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார் 'ஃபார்முலா மாருதி'. அதில் இருந்தது மாருதி 800 காரின் எஞ்சின்தான். மூன்று சிலிண்டர்கள், கொள்ளளவு 796 கன செ.மீ.; திறன் ஏறத்தாழ 40 குதிரைத் திறன்.

பந்தயக் கார்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது அந்நாளில் பெருஞ்செல்வர்களுக்கே இயலும். உள்ளூர்ப் பட்டறையில் கட்டி, உள்நாட்டில் கிடைக்கும் எஞ்சினைப் பொருத்தினால் செலவு வெகுவாகக் குறையும். எல்லாருக்கும் ஒரே வகை எஞ்சின் என்றால், வெற்றி பணத்தைவிட ஓட்டுபவரின் திறமையையே பொறுத்ததாகும்.

சரி, சிறிய எஞ்சின் எவ்வாறு வேகம் தருகிறது? நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூருங்கள். விசை மாறாதிருக்க, நிறை பாதியானால் முடுக்கம் இரு மடங்காகும். ஆகவே இத்தகைய கார்களில் கூரை, கதவு, பின்னிருக்கை எதுவும் இல்லை. ஓட்டுபவர் தரையை ஒட்டி, ஏறத்தாழச் சாய்ந்து படுத்த நிலையில் அமர்கிறார். ஈர்ப்பு மையம் தாழ்வதால் வளைவுகளில் கார் எளிதில் கவிழாது.

எடை குறைந்தால் வலிமை குறையாதா? நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்து ஒரு சதுரம் செய்யுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சியைப் பொருத்துங்கள், இப்போது அசையாது. இரண்டு முக்கோணங்கள் தோன்றியதே காரணம். காரின் சட்டத்தையும் எஃகுக் குழாய்களை இவ்வாறே முக்கோணங்களாகப் பற்றவைத்து அமைக்கின்றனர்.

பெரிய தொழிற்சாலைகளில் எஃகுத் தகட்டைப் பெரும் அச்சுகளில் அழுத்திக் காரின் மேற்கூட்டைச் செய்வர். சில கார்களுக்காக அத்தகைய அச்சுகள் செய்வது கட்டுபடியாகாது. இங்கே கைகொடுப்பது கண்ணாடி இழை. முழு அளவு மாதிரி ஒன்றைச் செய்து, மெழுகு பூசி, அதிலிருந்து அச்சு எடுப்பர். அச்சினுள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, இறுகச் செய்யும் வேதிப்பொருள் கலந்த பாலியெஸ்டர் பிசினைத் தடவுவர். உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். இழை இழுவிசையைத் தாங்கும். பிசின் வடிவத்தைக் காக்கும். குமிழி தங்கிய இடமோ வலுவிழக்கும். தொழிலாளியின் கைப்பக்குவம் தெரிவது இங்கேதான்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த 40 குதிரைத் திறன் வீண்போகவில்லை!