கப்பலோட்டியவர் படம் ஏன் ஓடவில்லை?

தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் நரை விழுந்த பெரியவர் யாராவது இருந்தால், "அண்ணாச்சி, கட்டபொம்மன் படம் பார்த்திருக்கிறீர்களா?" என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். அப்புறம் நீங்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது. ஜாக்ஸன் துரையோடு வாக்குவாதம், வெள்ளையத்தேவன் காளையை அடக்கியது, கடைசியில் தூக்குமேடை என்று வரிசையாக வரும். வசனம்கூட வரும். முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுப்பார்!

அதே பெரியவரிடம், "கப்பலோட்டிய தமிழன் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். "பார்த்தேன். நல்ல படம்" என்பார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரே மண், ஒரே கூட்டணி

இரண்டு படங்களையும் எடுத்தவர் ஒருவரே: பி. ஆர். பந்துலு. இரண்டிலும் கதாநாயகர் சிவாஜி கணேசன். இரண்டிலும் ஜெமினி கணேசன் உண்டு. இரண்டுக்கும் சங்கீதம் ஜி. ராமநாதன். இரண்டு வரலாறுகளையும் தமிழ் மக்களிடம் புத்தகமாகக் கொண்டுபோனவர் ம. பொ. சிவஞானம். இதையெல்லாம்விட விசேஷம், இரண்டு கதாநாயகர்களும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஒட்டப்பிடாரத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரந்தான்.

தேதிகளும் விசித்திரமாக ஒத்துப் போகின்றன. மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. கதாசிரியர் கற்பனையில் எழுதினால், "இது ரொம்ப அதிகம்!" என்று நாமே சொல்லியிருப்போம்.

ஆனால் தியேட்டரில் இரண்டு படங்களின் தலைவிதியும் ஒன்றாக இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959 மே மாதம் வெளிவந்து வெள்ளி விழாக் கண்டது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசும் வாங்கிக் கொடுத்தது. 'அமர் ஷஹீத்' என்ற பெயரில் ஹிந்தியும் பேசியது. 'கப்பலோட்டிய தமிழன்' 1961 நவம்பரில் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை.

கட்டபொம்மனைப் பற்றி நான்கு கட்சிகள்

கட்டபொம்மன் படத்தைப் பற்றி இந்தச் சீமையில் ஒரே அபிப்பிராயந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி, வசனக் கட்சி. சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை மனப்பாடம் செய்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு முழங்கியவர்கள். 1957-ல் சேலத்தில் சிவாஜி நாடகமாக முதலில் மேடை ஏற்றிய கதை இது. அதனால் படத்திலும் மேடை நாடகத்தின் நெடி அடிக்கும். ஆனால் குறை என்று அதை யாரும் சொல்லக் காணோம். அந்த நெடிக்காகவே போனார்கள்.

இரண்டாவது, காதல் கட்சி. வீட்டுப் பெண்மணிகள் பெரும்பாலும் இதில் சேர்ந்தவர்கள். "சண்டை கிடக்கட்டும், அந்த வெள்ளையம்மா பாடுதான் நெஞ்சை அறுக்குது" என்பார்கள் ஆச்சிமார். பத்மினியும் ஜெமினியும் வந்த அந்தக் காதல் வெறும் சினிமாச் சரக்கு அல்ல. வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் கதை இந்தப் பக்கத்துக் கதைப்பாடல்களிலும் கூத்துகளிலும் நெடுநாளாக வழங்கி வருவது. ஆச்சிமார் புதிதாக அழவில்லை. தங்கள் ஆச்சியிடம் கேட்டு அழுததையே திரையில் பார்த்து இன்னொரு தடவை அழுதார்கள்.

மூன்றாவது, சரித்திரக் கட்சி. இவர்கள் கொஞ்சம் பொல்லாதவர்கள். "கிஸ்தியே கட்ட மாட்டேன் என்று முழங்கினாராக்கும்! கணக்கைப் பாருங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். கணக்கு என்ன சொல்கிறது? 1798 செப்டம்பர் நிலவரப்படி கட்டபொம்மன் வைத்த பாக்கி 3,310 வராகன். ஜாக்ஸன் கலெக்டர் அவரை ஊர் ஊராக அலைய விட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். மூன்று மணி நேரம் நிற்க வைத்து விசாரித்தபோது, பாக்கியில் பெரும் பகுதி கட்டியாகிவிட்டது, மீதி 1,080 வராகன்தான் என்று தெரிந்தது. அங்கே மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பினார். பிற்பாடு கம்பெனியே விசாரணை வைத்து, ஜாக்ஸனைத்தான் வேலையிலிருந்து நீக்கியது.

ஆக, நிஜமான சண்டை வராகனுக்காக மட்டும் அல்ல, மரியாதைக்காகவும்தான். நிற்க வைத்துக் கேட்டது பொறுக்கவில்லை. அதைப் படத்தில் வசனமாக்கியபோது கிஸ்தி பெரிதாகிவிட்டது. மானம் அதற்குள் ஒளிந்துகொண்டது. ஆனாலும் கைதட்டிய ஜனங்கள் எதற்குக் கைதட்டினார்கள் என்கிறீர்கள்? கிஸ்திக் கணக்குக்கா? மானத்துக்குத்தான்! தமிழ்வாணன் போன்றவர்கள் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்று புத்தகமே எழுதியும் அந்தக் கைதட்டல் குறையவில்லை என்றால் காரணம் இதுதான்.

நான்காவது கட்சிதான் பாவம். அது எட்டயபுரத்துக் கட்சி.

ஓர் ஊரின் வருத்தம்

எட்டயபுரம் ஜமீன் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு அதற்குப் பலன் அடைந்ததும் உண்மை. ஆனால் 'எட்டப்பன்' என்பது அந்த ஜமீனில் தலைமுறை தலைமுறையாக வந்த பட்டப் பெயர். படம் வந்த பிறகு அது தமிழ்நாடு முழுவதும் வசவுச் சொல்லாக நிலைத்துவிட்டது. காட்டிக் கொடுத்தவன் எவனாக இருந்தாலும் அவன் எட்டப்பன்தான்!

இத்தனைக்கும் தப்பியோடிய கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்தப் பெயர் வசவாகவில்லை. எட்டயபுரமோ முத்துசுவாமி தீட்சிதரை ஆதரித்து, அவர் கடைசி மூச்சு அடங்கிய ஊர். உமறுப் புலவரைப் போற்றிய ஊர். 1882-ல் பாரதியாரை உலகுக்குக் கொடுத்த ஊர். அந்த ஊர்ப் பிள்ளை வெளியூரில் போய்ப் பெயர் சொன்னால், கேட்பவர் சிரிக்கிறார். ஒரு படம் நல்ல படமாக இருக்கலாம். அதன் அடியில் ஓர் ஊருக்கு உறுத்தலும் இருக்கலாம். இரண்டையும் ஒத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

காரணம் என்ன?

சரி, கப்பலோட்டிய தமிழனுக்கு வருவோம். ஏன் ஓடவில்லை?

"கட்டபொம்மன் கலர் படம். ஜெய்ப்பூரில் குதிரைப் படையோடு சண்டை எடுத்தார்கள். அது கறுப்பு வெள்ளை" என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். முழுக் காரணம் அதுவாக இருக்க முடியாது. ஹிந்தியில் 1960-ல் வந்த 'மொகலே ஆஸம்' படத்தை நினைத்துப் பாருங்கள். யானையும் குதிரையும் போரும் காதலும் கண்ணாடி மண்டபமும் கொண்ட மகா பிரம்மாண்டம். வடக்கே பேய் ஓட்டம் ஓடியது. அதையே 1961-ல் 'அக்பர்' என்று தமிழ் பேச வைத்தார்கள். இங்கே எடுபடவில்லை.

"அது நம் கதை அல்ல, டில்லிக் கதை" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் வ.உ.சி. நம் கதைதானே? தூத்துக்குடித் துறைமுகத்தில் நடந்த கதைதானே?

"காதல் இல்லை" என்பீர்கள். அதுவும் இருக்கிறது! ஜெமினி கணேசன் மாடசாமியாகவும், சாவித்திரி கண்ணம்மாவாகவும் வருகிறார்கள். மாடசாமி சரித்திரத்தில் உள்ளவர். ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டு, அகப்படாமலே மறைந்துபோனவர். பாட்டுகளோ பாரதியாருடையவை. சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகம், பாரதியாக எஸ். வி. சுப்பையா. இன்னும் என்ன வேண்டும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். கட்டபொம்மன் படத்தில் குற்றவாளிகள் எல்லாரும் திரையிலே இருக்கிறார்கள். ஜாக்ஸன், பானர்மன், எட்டப்பன். நாம் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து பல்லைக் கடிக்கலாம். கப்பலோட்டிய தமிழனில் ஒரு குற்றவாளி திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். அது நாம்தான்.

கதையைப் பாருங்கள். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் பத்து லட்ச ரூபாய் மூலதனம் திரட்டக் கிளம்பினார் ஒரு வக்கீல். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்தன. எதிரிக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு கட்டணமே வேண்டாம், குடையும் இனாம் என்றது. 1908-ல் கோரல் மில் தொழிலாளருக்காக நின்றார். மார்ச் 12-ஆம் தேதி கைதானார். மறு நாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. ஜனங்கள் அன்று அவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பின்ஹே துரை இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. பிறகு இருபத்து நான்கு வருஷம் வறுமை. 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

1961-ல் படம் பார்க்க வந்தவர்களில் அவரைத் தெருவில் நடந்துபோகக் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். 1799 வெகு தூரம், கைதட்டலாம். 1936 ரொம்பக் கிட்டத்தில் இருந்தது, எப்படிக் கைதட்டுவது? 1912-ல் சிறை வாசலுக்கு வராத கூட்டம், 1961-ல் தியேட்டர் வாசலுக்கும் வரவில்லை.

ஆனால் ஒரு ரசிகர் கொடுத்த தீர்ப்பை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் படத்தைப் பார்த்த வ.உ.சி.யின் மகன், சிவாஜியிடம் தம் தகப்பனாரையே கண்டதாகச் சொன்னாராம். வந்த விருதுகளுக்கெல்லாம் மேலாகச் சிவாஜி அதை நினைத்தார்.

ஊறிய பிறகு

1961-ஆம் வருஷத்துக்கு இந்தக் கடற்கரையில் இன்னொரு விசேஷமும் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது அந்த வருஷந்தான். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி விளையாமல் சலாபம் நின்று போயிற்று.

முத்துக்குளிப்பைப் பார்த்த பெரியவர்கள் சொல்வார்கள்: சிப்பி கரைக்கு வந்த அன்றே முத்து கைக்கு வந்துவிடாது. குவித்து வைத்து, நாள் கணக்கில் ஊற விடுவார்கள். நாற்றம் தாங்காது. பக்கத்தில் போகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். பொறுத்திருந்து அலசுகிறவன் கையில்தான் முத்து.

கட்டபொம்மனுக்குச் சிவாஜியே சொந்தப் பணத்தில் கயத்தாற்றில் சிலை வைத்தார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசாங்கம் நினைவுக் கோட்டை எழுப்பியது. படமும் 2015-ல் புது மெருகோடு மறுபடி தியேட்டருக்கு வந்தது. வ.உ.சி.க்கோ நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. 2011-ல்தான் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கியது. சுதந்திர தினம் வந்தால் டெலிவிஷனில் 'கப்பலோட்டிய தமிழன்' வருகிறது. அன்று தியேட்டருக்குப் போகாதவர்களின் பேரப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பார்த்துவிட்டுப் பேரன் கேட்கிறான்: "ஏன் தாத்தா, ஜெயிலிலிருந்து வந்தாரே, அப்போ ஒருத்தரும் ஏன் கூப்பிடப் போகவில்லை?"

தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பிள்ளை இருக்கும் வரையில், படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.